சுத்த அறையில் சூடம்

தூசியைப் பற்றி இருபது வருடம் பிறருக்கு வகுப்பெடுத்தவன் நான். அப்படிப்பட்டவன், தலைமுதல் கால்வரை மூடிய வெள்ளை உடை, முகக்கவசம், கையுறை, காலுறை எல்லாவற்றையும் முறைப்படி மாட்டிக்கொண்டு, அந்தக் கையுறைக் கையாலேயே எரியும் சூடத்தட்டை ஏந்தியபடி, நானே கட்டிய சுத்த அறைக்குள் நானே நுழைந்தேன். சாட்சிக்குப் புகைப்படம் இருக்கிறது. குடும்ப வாட்ஸப் குழுவில் இன்றும் சுற்றுகிறது. விண்வெளிக்குக் கிளம்பியவன் போகிற வழியில் கோயிலில் இறங்கிக்கொண்ட மாதிரி இருப்பேன். முகக்கவசத்துக்கு மேலே தெரியும் கண்களைக் கவனித்தால், நான் சிரித்துக்கொண்டிருப்பதும் தெரியும்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மற்றவர்களை மன்னிக்கவில்லை என்பது தனி விஷயம். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் செய்வது இங்க்ஜெட் பிரின்ட் ஹெட். காரிமங்கலத்தைச் சுற்றி இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இன்னொரு ஹெட் செய்துவிடுவது சுலபம். "ஜெராக்ஸ் கடையா சார் வைக்கிறீங்க?" என்பார்கள். இல்லை என்றால், "அப்ப ஃப்ளெக்ஸ் பேனரா?" அதுவும் இல்லை என்றால் ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்துவிட்டு, "பரவால்லிங்க, எதுனா ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருந்தா சரிதான்" என்று ஆறுதல் சொல்லிப் போவார்கள். ஐம்பது வயதில் ஒருவன் ஆறுதலுக்கு ஆளாவதைப்போல எரிச்சலூட்டும் காரியம் வேறில்லை.

பிரின்டருக்குள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டு மையைத் துப்புகிறதே, அந்தப் பாகம்தான் ஹெட். என்னுடையதில் முப்பத்திரண்டு துளைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெலிது. துளைக்குப் பின்னால் ஒரு குட்டி மையறை, அந்த அறையின் சுவராக ஒரு பீங்கான் பட்டை. மின்சாரம் கொடுத்தால் பட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், அறை சுருங்கும், ஒரு சொட்டு வெளியே பாயும். மின்சாரத்தை எவ்வளவு வேகமாக ஏற்றி எப்படி இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டால் சொட்டு சிதறும், தயங்கினால் வால் நீண்டுகொண்டு வரும். மனிதர்களிடம் இதே நிதானத்தோடு பேசியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் இவற்றைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். நான் வரைந்தவை எந்த நாட்டிலோ செய்யப்பட்டு, யார் பெயரிலோ இந்தியாவுக்கே திரும்பி வரும். ஒரு நாள் எங்கள் பிரிவையே மூடினார்கள். வழியனுப்பு விழா வைத்து கேக் வெட்டச் சொன்னார்கள். கேக்கின் மேல் என் முகம், தின்னக்கூடிய மையில், இங்க்ஜெட்டில் அச்சடித்தது. என் மூக்கின் குறுக்கே வெள்ளையாக இரண்டு கோடுகள். இரண்டு துளை அடைத்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. பிரின்ட் ஹெட் செய்கிறவனை வெளியே அனுப்பும் கேக்கைக்கூட அடைக்காத ஹெட்டால் அச்சடிக்க அவர்களுக்கு மனமில்லை. அந்தக் கோபத்தில்தான், சொந்தமாக ஒன்று செய்தே தீருவது என்று ஊருக்கு வந்தேன். கேக்கைத் தின்றுவிட்டுத்தான் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடம் கொடுத்தவர் மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பவர். புதிதாகப் பெரிய ஷெட் ஒன்று கட்டிக்கொண்டதால் பழைய ஷெட் சும்மா கிடந்தது. "எடுத்துக்க மாப்ள. உள்ள காத்து சுத்தமா இருக்கும், நான் கேரண்டி" என்றார். அவர் சுத்தத்துக்குக் கேரண்டி கொடுத்தால் நம்பலாம் என்று எனக்குப் பழைய அனுபவம் இருந்தது.

மாமாவின் புழு ஷெட்டுக்குள் நுழைவது எளிதல்ல. வாசலில் சுண்ணாம்புக் கோடு. கோட்டைத் தாண்டினால் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் காலை நனைத்து, கையைக் கழுவி, அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே போகலாம். சொந்தக்காரர் ஆனாலும் அதிகாரி ஆனாலும் இதேதான். தலையில் மல்லிகைப்பூவோடு வந்த சம்பந்தியம்மாவை வாசலிலேயே நிறுத்திப் பூவைக் கழற்றி வைக்கச் சொன்ன மனிதர். நான் ஒரு தீபாவளிக்கு முகம் மழித்து லோஷன் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, துண்டால் தடுத்து, "சென்ட் அடிச்சிக்கிட்டு வர எடமா இது? புழு வாந்தி எடுத்துச் சாவும், போ அந்தாண்ட" என்று விரட்டினார். நான் வேலைசெய்த கம்பெனியில் சுத்த அறை மேற்பார்வைக்கு இப்படி ஒருவர் இருந்ததில்லை. மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். என் முட்டாள்தனத்துக்கு அஸ்திவாரம் அன்றைக்கே போட்டாயிற்று.

பழைய ஷெட்டுக்குள் அலுமினியச் சட்டம் வைத்துக் கண்ணாடி அறை ஒன்று கட்டினேன். மேலே காற்று வடிகட்டி. வடிகட்டிய காற்று மெதுவாகக் கீழே இறங்கி, ஓரத்தில் வெளியேறும். உள்ளே மைக்ராஸ்கோப், பசை வைக்கும் மேசை, சொட்டைப் பார்க்க ஒரு கேமரா, திரை, ஒரு விளக்கு. அந்த விளக்கு சொட்டு விழும் வேகத்துக்கு ஈடாகக் கண் சிமிட்டும். அதனால் பாய்ந்துகொண்டிருக்கும் சொட்டு அந்தரத்தில் நின்றுவிட்டதுபோலத் தெரியும். முதல் ஹெட்டின் முப்பத்திரண்டு துளைகளுக்குக் கீழேயும் முப்பத்திரண்டு சொட்டுகள், பள்ளிக்கூடப் பிரார்த்தனை வரிசைபோல ஒரே உயரத்தில் நின்ற அன்று நான் ஓடிப்போய் அக்காவைக் கூட்டிவந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று திரையில் பார்த்தாள். "மழ நின்னுபோன மாதிரி இருக்குதுடா" என்றாள். இருபது வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த ஒரே விமரிசனம். போதும் என்று இருந்தது.

அந்த ஹெட் எதற்கு என்றால், மாம்பழக்கூழ் டின்னில் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சடிக்க. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கூழ் தொழிற்சாலையில் மேனேஜரைப் பலமுறை பார்த்துப் பேசி, சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு நாள் சோதனைக்குச் சம்மதம் வாங்கியிருந்தேன். ஒரு முழு ஷிப்ட் ஒரு கோடுகூட விழாமல் அச்சடித்துக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் எல்லா லைனுக்கும் என் ஹெட். தவறினால் வெளிநாட்டு ஹெட்டையே போட்டுக்கொள்வார்கள், அடுத்த சீசன்வரை என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். கையில் ஓடுகிற ஹெட் ஒன்று. மாற்றுக்கு இரண்டாவது ஹெட், துளைத்தகடு ஒட்டும் நிலையில் மேசையில் திறந்து கிடந்தது. ஆக, என் இரண்டாவது வாழ்க்கை மொத்தமும் அந்தக் கண்ணாடி அறைக்குள், ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கும் இடத்தில் இருந்தது.

சோதனைக்கு முந்தின நாள் காலையில் மாமா வந்தார். "வெளிய கொண்டுபோற சாமான். ஒரு பூச போட்டுட்டுக் கொண்டுபோ மாப்ள."

"வேணாங்க மாமா. புகை ஆகாது. தூசி ஆகாது. அடைச்சிக்கும்."

"ஒரு நிமிசம் காட்டுறதுல என்னா அடைச்சிக்கும்?"

"மாமா, அதுல இருக்கறது முடியவிடச் சின்ன ஓட்டை."

"சின்ன ஓட்டைன்னா பெரிசா எதுவும் போவாதில்ல?" என்றார்.

அதற்குள் அக்காவும் வந்துவிட்டாள். "பூச இல்லாம இந்த வூட்டுல இருந்து ஒரு மம்பட்டிகூட வெளிய போனதில்ல. உனக்கு நம்பிக்க இல்லன்னா கண்ண மூடிக்க" என்றாள். பெங்களூரில் இருந்திருந்தால் சிரித்து ஒதுக்கியிருப்பேன். ஆனால் மறுநாள் சோதனை. படித்தவனின் நாத்திகம் பரீட்சைக்கு முந்தின நாள்வரைதான் தாங்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஒரு சமரசம் சொன்னேன். யாரும் உள்ளே வரக்கூடாது. இருப்பது ஒரே வெள்ளை உடை. அதைப் போட்டுக்கொண்டு நானே ஒரு கட்டிச் சூடத்தைக் காட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஓடுகிற ஹெட்டை மட்டும் காலையிலேயே கட்டி எடுத்துவைக்க வேண்டியவன், சோம்பலில் ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டேன். முகம் கீழ்நோக்கி, துளைத்தகடு தங்கநிறத்தில் பளபளத்துக்கொண்டு தொங்கியது.

ஒரு கட்டிச் சூடம் என்று நான் சொன்னது எனக்கும் மாமாவுக்கும் நடந்த பேச்சு. வாசலில் அதற்குள் பங்காளிகள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், ஜெராக்ஸ் விசாரித்தவர் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் உள்ளே நுழைந்து தட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். அக்கா கண்ணாடிக்கு வெளியிலிருந்து போட்டோ எடுத்தாள். அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

சூடம் காட்டினால் எல்லோரும் தொட்டுக் கும்பிட வேண்டும். அது நான் எழுதிய விதிகளில் இல்லை, ஆனால் என் விதிகளைவிடப் பழையது. தட்டு வெளியே வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு தட்டிடம் அவர்களே வந்துவிட்டார்கள். மரியாதைக்காகச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, தோட்டத்துப் புழுதி படிந்த வெறுங்காலோடு வந்தார்கள். அக்கம்பக்கத்தவர் ஒவ்வொருவராகச் சுடரில் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, நான் வெள்ளை உடையில், பூசாரிபோல, ஒவ்வொருவரிடமாகத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தேன். கத்தியிருக்கலாம் அல்லவா? எரியும் சூடத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். ஊதி அணைக்கவும் கூடாது. சூடம் தானாக எரிந்து தீரும்வரை, கரும்புகை நூலாக எழும்பி, என் வடிகட்டிய காற்றில் அழகாகக் கீழே இறங்கி, மேசையில் பசை காயாமல் திறந்து கிடந்த இரண்டாவது ஹெட்டின் மேல் படிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் பார்க்காதது இன்னொன்று. மாமா சந்தனக் கிண்ணத்தோடு என் பின்னால் வந்திருக்கிறார். மின்பெட்டிக்கு ஒரு பொட்டு, மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று, காற்று வடிகட்டிக்கு எக்கி நின்று ஒன்று. டிராக்டராக இருந்தால் முகப்பில் வைப்பார். பம்புசெட்டாக இருந்தால் மோட்டார் தலையில். என் ஹெட்டில் முகம் எது என்று குனிந்து தேடி, பளபளவென்று இருந்த துளைத்தகட்டைக் கண்டுபிடித்து, நட்டநடுவில், கட்டைவிரலால் அழுத்தி, சந்தனம். அதன் மேல் குங்குமம்.

மை சொட்டிவிடாமல் இருக்க, ஹெட்டுக்குள் எப்போதும் மெல்ல உள்ளிழுத்துக்கொண்டே இருக்கும்படி வைத்திருப்பேன். அதனால் அது, நெற்றியில் வைத்த பொட்டை உறிஞ்சிக் குடித்தது.

கூட்டம் போனபின் பார்த்தேன். துடைத்தேன், கழுவினேன், பின்பக்கமிருந்து திரவம் செலுத்தித் தள்ளினேன். விடியும்போது எப்படியோ முப்பத்திரண்டு சொட்டும் வரிசையில் நின்றன. இரண்டாவது ஹெட் பசையோடு கரி சேர்ந்து முடிந்துபோயிருந்தது. தேதியை மாற்றக் கேட்டேன். "சீசன் நமக்காகக் காத்திருக்காதுங்க சார்" என்றார் மேனேஜர். இருக்கிற ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை முழுக்க டின்கள் ஓடின. ஒவ்வொரு எழுத்தும் கத்தியால் வெட்டிய மாதிரி விழுந்தது. மேனேஜர் ஒரு டின்னைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்து, "நம்ம ஊர்ல செஞ்சதா சார் இது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த ஆச்சரியத்தை நான் மதியம்வரை மென்றுகொண்டிருந்தேன். அப்புறம் லைன் சூடேறியது. அதிர்வில் உள்ளே எங்கேயோ ஒளிந்திருந்தது நகர்ந்தது. எட்டு பூஜ்யமாக ஆயிற்று. ஆறின் வயிறு காணாமல் போனது. எழுத்துகளின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு, பிறகு இன்னொன்று. என் மூக்கின் குறுக்கே கேக்கில் ஓடிய அதே கோடுகள்.

மேனேஜர் லைனை நிறுத்தச் சொன்னார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "காலைல நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா தேதி படிக்க முடியலன்னா கப்பல்ல போனது கப்பல்லயே திரும்பி வந்துடும். ரிஸ்க் எடுக்க முடியாதுங்க. அடுத்த சீசன் பாக்கலாம்" என்றார். போகும்போது ஒரு டம்ளர் மாம்பழச் சாறு கொடுத்தார். குடித்தேன். என்னை வெளியே அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஏதாவது இனிப்பாகக் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

ஷெட்டுக்கு வந்து தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அடைத்திருந்த இரண்டு நடுத்துளைகளில் ஒன்றில், உள்பக்கமாக, செக்கச்செவேலென்று ஒரு குங்குமத் துணுக்கு. பாறை மாதிரி உட்கார்ந்திருந்தது. எத்தனையோ அடைப்புகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மங்களகரமாக ஒன்றைப் பார்த்ததில்லை.

நேராக மாமாவைத் தேடிப் போனேன். புது ஷெட்டுக்குள் தழை போட்டுக்கொண்டிருந்தார். வேகமாகப் போன நான் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துவிட்டேன் போலிருக்கிறது. உள்ளிருந்தே கையைத் தூக்கினார்.

"கால நனைச்சிட்டு வா மாப்ள. இல்லன்னா அங்கயே நில்லு."

அங்கேயே நின்றேன். நின்று கத்தினேன். நான் புத்தகம் படிக்கிறவன். கோபப்பட்டால்கூட வாக்கியம் முடிந்தபிறகுதான் மூச்சு வாங்குவேன். அன்று வாக்கியமே வரவில்லை.

"உங்க புழுவுக்குக் கோடு! என் ரூமுக்கு ஊர்வலமா? இங்க பூ வெச்சிக்கிட்டு வரக்கூடாது, சென்ட் போட்டுக்கிட்டு வரக்கூடாது. அங்க மட்டும் சூடம், சந்தனம், குங்குமம், புழுதிக்காலு! நேத்து வந்தவங்கள்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன், உங்க ஷெட்டுப் பக்கம் எட்டிப் பாத்தானா? இந்தக் கோட்டுக்கு அந்தாண்டயே சுத்திக்கிட்டுப் போனானுங்க இல்ல? இங்க என்னைக்காவது சூடம் காட்டியிருக்கீங்களா மாமா? காட்டியிருக்கீங்களா?"

மாமா தழைக் கூடையைக் கீழே வைத்தார். புத்தி கலங்கியவனிடம் பேசுகிற மாதிரி, தணிந்த குரலில் சொன்னார்.

"புழு உள்ள இருக்கயில எப்படி மாப்ள காட்டுறது? செத்துடுமே. ஷெட்டு காலியா இருக்கயிலதான் காட்டுவோம்."

"அப்ப என்னுது?"

"நல்லதுக்குத்தான மாப்ள செஞ்சோம்."

இந்த வாக்கியத்துக்கு எதிராக இதுவரை யாரும் ஒரு கருவி கண்டுபிடிக்கவில்லை. எந்த வடிகட்டியும் இதைத் தடுக்காது. நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் பாழாக்கினவர் மேல் குற்றமில்லை. பாழானதைச் சொல்கிறவன்தான் நன்றிகெட்டவன். இடமும் கொடுத்து, சாப்பாடும் போட்டு, என் ஹெட்டையும் கொன்ற மனிதரை எந்த உரிமையில் நான் திட்டுவது? அதுதான் என்னை இன்னும் வெறியேற்றியது. எதிரி செய்த கெடுதலுக்கு ஓர் அந்தஸ்து இருக்கிறது. சண்டை போடலாம், முகத்தில் முழிக்காமல் இருக்கலாம். இவருக்கு எதிரே மறுவேளை இலைபோட்டு உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்தேன். ரசம் நன்றாக இருந்தது என்பதற்கும் கோபப்பட்டேன்.

மறுநாள் காலை என் கண்ணாடி அறைக்குப் போனால், வாசலின் குறுக்கே புதிதாக ஒரு சுண்ணாம்புக் கோடு. கோணலில்லாமல், தடிமனாக. பக்கத்தில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு. மாமா போட்டிருக்கிறார். சுண்ணாம்புத்தூளும் தூசிதான், சுத்த அறை வாசலில் அதையும் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். அழிக்க மனம் வரவில்லை, வைத்திருக்கவும் எரிச்சலாக இருந்தது. அதைத் தாண்டிக் குதித்து உள்ளே போய், கரி படிந்த ஹெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, மூன்றாவது ஹெட்டுக்குப் பீங்கான் பட்டையை வெட்ட உட்கார்ந்தேன். இந்தச் சீசன் வேறு யார் ஹெட்டிலோ ஓடப்போகிறது.

மதியம் அக்கா தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுவந்தாள். கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள். தலையில் இருந்த பூவைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தாள். நான் உடையைக் கழற்றிவிட்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிரித்துக் கிடந்த ஹெட்டைப் பார்த்தாள்.

"நீ ஒழுங்கா சொல்லியிருக்கணும்டா" என்றாள். "அடைச்சிக்கும், அடைச்சிக்கும்னுதான சொன்ன. செத்துடும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒருத்தர் உள்ள வந்திருப்பமா? அடைச்சா குத்தி வுட்டுக்குவன்னு நெனச்சோம். பழைய ஸ்டவ் பின்னு வூட்டுல ஒரு பாக்கெட்டு அப்படியே கெடக்குது, எடுத்தாறட்டா?"